சோபா, மணி, மதாம்

போன சனிக்கிழமை திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவன், விருட்டென்று எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். கூட இருந்தவர்கள் பதறிப்போனார்கள். எண்பதைத் தாண்டியவன் காரணமில்லாமல் எழுந்து நின்றால் யாருக்கும் பதறத்தானே செய்யும்? பேத்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவள் புருஷன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கவுன்டரில் இருந்த மணியைக் கொள்ளுப்பேத்தி தட்டிவிட்டாள், அவ்வளவுதான்.

அவர்கள் பெங்களூரிலிருந்து சனீஸ்வரனைப் பார்க்க வந்திருந்தார்கள். தருமபுரத்தில் என் வீடு இருக்கும்போது லாட்ஜ் எதற்கு என்று கேட்டேன். "பாப்பாவுக்கு உங்க வீட்டு பாத்ரூம் புடிக்கல தாத்தா" என்றாள் பேத்தி. நியாயம்தான். எனக்கே அது பிடித்ததில்லை.

மணியைச் சொல்ல வந்தேன். கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி இருக்கும், உச்சியில் ஒரு குமிழ். உள்ளங்கையால் தட்டினால் டிங். குழந்தை ஒரு தட்டுத் தட்டினாள். அந்தச் சத்தம் அடங்குகிறவரை காது கொடுத்துக் கேட்டுவிட்டு இன்னொரு தட்டு. முதல் தட்டுக்கு என் முதுகு நிமிர்ந்தது. இரண்டாவதற்கு எழுந்துவிட்டேன். மூன்றாவதற்கு அவள் கையைத் தூக்கும்போது, கவுன்டரில் இருந்த பையன் செல்போனிலிருந்து தலையை எடுக்காமலே மணியை உள்ளங்கையால் மூடிவிட்டான்.

"அது வெளயாட்டு சாமான் இல்ல பாப்பா."

இல்லைதான். அது என்ன சாமான் என்று அந்தப் பையனுக்குச் சொல்ல ஆரம்பித்தால் பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து சொல்ல வேண்டும். அவனுக்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

காரைக்காலில் அரசலாறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் அப்போது பெரிய ஓட்டல் ஒன்று இருந்தது. இட்லி ஓட்டல் இல்லை, தங்குகிற ஓட்டல். மாடியைச் சுற்றி வளைவு வளைவாக வராந்தா, பச்சை வர்ணம் அடித்த ஜன்னல் கதவுகள், மெழுகு தேய்த்துத் தேய்த்து வழுக்குகிற மரப்படிகள். உள்ளே நுழைந்தால் மெழுகு வாசனையும் உப்புக் காற்றும் வறுத்த காப்பிக்கொட்டை வாசனையும் சேர்ந்து ஒன்றாக மூக்கில் ஏறும். சைகோனில் வியாபாரம் செய்து செழித்த ஒரு மரைக்காயர் குடும்பம், அங்கே பார்த்ததைப் போல இங்கேயும் ஒன்று இருக்கட்டும் என்று கட்டியது. கட்டி முடித்துவிட்டு மறுபடி சைகோனுக்கே போய்விட்டது.

ஓட்டலை ஒட்டி, நடுவில் ஒரு முற்றம் மட்டும் விட்டு, ஒரு நாடகக் கொட்டகை. அதற்கு ஒப்பெரா என்று பெயர். வெள்ளைக்காரர்கள் ஊரில் இப்படித்தான் இருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டுக் கட்டியது. மாடம் வைத்த பால்கனி, மேடைக்கு மேலே இறக்கை முளைத்த சுதைக் குழந்தைகள். உப்புக் காற்றுக்கு ஒரு குணம், பொம்மையில் முதலில் மூக்கைத்தான் தின்னும். மூக்குப் போன தேவதைகளைச் சரி செய்ய ஒரு மேஸ்திரி வந்தார். தனக்குத் தெரிந்த மூக்கைத்தானே அவர் வைக்க முடியும்? அதிலிருந்து பாதி தேவதைகள் வெள்ளைக்காரக் குழந்தைகளாகவும் பாதி தேவதைகள் மேஸ்திரியின் மச்சான் ஜாடையாகவும் ஆகிவிட்டன.

அந்த மேடையில் வெள்ளைக்காரப் பாட்டு நாடகம் நடந்து எங்களில் யாரும் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் ராஜா காட்டுக்குப் போகிற நாடகம், ராணி அழுகிற நாடகம், பபூன் வந்து அந்த இரண்டு பேரையும் கிண்டல் பண்ணுகிற நாடகம்.

ஓட்டல், கொட்டகை இரண்டையும் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் மதாம் லூயிசா. மதாம் என்றதும் வெள்ளைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். என்னைவிட ஒரு சாயல் கறுப்பு. பிறந்து வளர்ந்தது எல்லாம் காரைக்கால். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு போனவர் திரும்பவில்லை. முழங்காலுக்குக் கீழே இறங்குகிற கவுன், கொண்டையில் கனகாம்பரம். மாதா கோயில் பூசைக்கும் அதே கோலம், மீன்காரியோடு மல்லுக்கட்டவும் அதே கோலம். பிரெஞ்சில் ஆரம்பித்துத் தமிழில் திட்டினால் பயமில்லை. தமிழில் ஆரம்பித்து பிரெஞ்சுக்குப் போனால் நாங்கள் கொல்லைப்பக்கமாகப் போய்விடுவோம்.

நான் அவரிடம் பகலில் ஓட்டல் குமாஸ்தா. மாலையில் கொட்டகையில் கோஷ்டிப் பாட்டு. நடுவில் மாட்டு வண்டியில் ஏறித் தகரக் குழலை வாயில் வைத்து, இன்றைக்கு இன்ன நாடகம் என்று ஊரூராகக் கத்துகிற வேலையும் என்னுடையதுதான். படிப்பு அவ்வளவாக இல்லாதவனுக்கு வாய் ஒன்றுதான் முதல். பூவத்தில் பிரெஞ்சு எல்லைச் சாவடி இருந்தது. அதைத் தாண்டி வண்டி போகக்கூடாது. அதனால் எல்லையில் வண்டியை நிறுத்தி அந்தப் பக்கத்து ஊர்களைப் பார்த்துக் கத்துவேன். சாவடிக்காரர் ஒருநாள் கேட்டார்: "ஏம்ப்பா, சரக்கு போனா வரி போடுறோம். ஒன் சத்தம் பாட்டுக்கு சும்மா போவுதே, அதுக்கு என்னா போடுறது?" அதற்குப் பின் அவர் எல்லா நாடகத்துக்கும் குடும்பத்தோடு ஓசியில் வந்தார். அதுதான் வரி.

இந்த ஓட்டலுக்கும் கொட்டகைக்கும் ஒரு வினோத உறவு. ஓட்டல் கூடத்தில் சிவப்பு வெல்வெட் தைத்த சோபாக்கள் கிடக்கும். நாடகம் உள்ள நாளில் சாயங்காலம் அந்த சோபாக்களைத் தூக்கி முற்றத்தைத் தாண்டிக் கொட்டகையில் முதல் வரிசையாகப் போட்டுவிடுவோம். நாடகம் முடிந்ததும் திரும்ப ஓட்டலுக்கு. ஆக, ஓட்டலில் தங்குகிற பெரிய மனுஷர்களுக்கு சாயங்காலம் உட்கார இடம் வேண்டுமென்றால் நாடகத்துக்கு வந்தாக வேண்டும். சோபா போன இடத்துக்கு ஆளும் வரும் என்பது மதாமின் கணக்கு.

மாயவரம் பக்கத்து மிராசுதார் ஒருவர் 'கடல் காத்து வாங்க' வருவார். அந்தப் பக்கத்தில் மதுவிலக்கு இருந்த காலம். எந்தக் காற்று என்று உங்களுக்கே புரியும். மதியச் சாப்பாட்டுக்கு மேல் காற்று கொஞ்சம் அதிகமாகி சோபாவிலேயே தூங்கிவிட்டார். எழுப்பிப் பார்த்தோம், அசையவில்லை. நாடகத்துக்கு நேரமாகிறது. மதாம் வந்து பார்த்தார்.

"என்னாத்துக்கு எழுப்புறீங்க? எப்டியும் அங்கதானே வரப்போறாரு."

சோபாவோடு தூக்கிக்கொண்டு போனோம். அவர் கண் விழித்தபோது எதிரே ராணி தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருந்தாள். மனுஷர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டு, "நான் ஒண்ணும் பண்ணல தாயி" என்றார். கொட்டகை அன்று சிரித்த சிரிப்பில் இன்னொரு தேவதையின் மூக்கு விழுந்தது என்று பபூன் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

சோபாவைப் போலவே மணியும் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். பகலில் ஓட்டல் கவுன்டரில் இருக்கும். தங்க வந்தவர்கள் யாராவது ஒரு தட்டுத் தட்டினால் நான் போய் நிற்பேன். நாடக நாளில் மதாம் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வருவார். திரைக்குப் பக்கத்தில் நின்று அவர்தான் தட்டுவார், வேறு யாரும் தொடக்கூடாது. முதல் மணிக்கு நடிகர்கள் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழ வேண்டும். இரண்டாவது மணிக்கு வரிசை பிடிக்க வேண்டும். மூன்றாவதற்குக் கடவுள் பாட்டு. ஒவ்வொரு மணிக்கும் நடுவில், சத்தம் முழுசாக அடங்கும்வரை இடைவெளி விடுவார்.

கடவுள் பாட்டுக்கும் ஒரு கட்டுமானம் உண்டு. முதலில் பிள்ளையார், அப்புறம் சரஸ்வதி, அப்புறம் சபைக்கு வணக்கம். வணக்கம் ஆனதும் இன்றைக்கு யார் யார் என்ன வேஷம் என்று ராஜபார்ட் சொல்ல வேண்டும். இவ்வளவும் சேர்ந்ததுதான் பாட்டு. ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தக்கூடாது, நெருப்புப் பிடித்தாலும் பாடி முடித்துவிட்டுத்தான் ஓட வேண்டும் என்பது எங்கள் ராஜபார்ட் பக்கிரிசாமி அண்ணனின் சட்டம். எங்கேயோ ஒரு ஊரில் மழைக்குப் பயந்து பாதியில் நிறுத்தினார்களாம். அன்றைக்கே படுதா கட்டின மூங்கில் ஆர்மோனியத்தின் மேல் விழுந்ததாம். அதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

பக்கிரிசாமி அண்ணனுக்கு ராஜா வேஷம் தவிர வேறு தெரியாது, மேடையிலும் சரி, டீக்கடையிலும் சரி. சாதாரணக் குரலே அவருக்குக் கிடையாது. அவர் நாயர் கடையில் டீ கேட்டால் அடுத்த தெருவில் நாய் எழுந்து நிற்கும். ஸ்திரீபார்ட்டும் ஆண்பிள்ளைதான். மீசை இல்லாமல் இருப்பதாலேயே கல்யாணம் தள்ளிப்போகிறது என்று சதா குறைப்படுவார். இந்தக் கோஷ்டி கொட்டகைக்குப் பின்னால் உள்ள வேஷ அறையில் தங்கும். ஓட்டல் படி ஏறாது.

நடிகர்களைச் சொல்லும்போது ஓட்டல் சமையல்காரர் கமால் நானாவை விட்டால் பாவம். கப்பலில் சமையல் கற்றவர். நண்டில் என்னென்னவோ செய்வார், பெயர் எல்லாம் பிரெஞ்சில் இருக்கும். எனக்கு அவர் சொல்லித் தந்த பாடம் ஒன்றுதான்: "தம்பி, சாப்புட்டவன் மூஞ்சிய பாக்காதே. அது பொய் சொல்லும். தட்ட பாரு." பின்னாளில் என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் நான் தட்டைத்தான் பார்த்தேன். கேசரி அருமை. பெண் எப்படி என்று வீட்டில் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. நாங்களும் கை தட்டினோம், மிட்டாய் சாப்பிட்டோம், எல்லாம் சரி. சாவடியும் போய்விட்டது. எல்லை தாண்டிக் கத்தலாம், வண்டியும் போகலாம். ஆனால் யார் வரவேண்டும்? துரைமார்கள் கப்பலேறிவிட்டார்கள். வரியில்லாத வெளிநாட்டு சென்ட்டும் கடிகாரமும் வாங்க வந்தவர்கள் இனி எதற்கு வருகிறார்கள்? ஓட்டல் காலியாகிக்கொண்டே வந்தது. நாடகம் மட்டும் நடந்தது, சோபாக்களில் அந்தச் சாவடிக்காரர் குடும்பம் கால் நீட்டி உட்கார்ந்தது.

அப்போதுதான் ஓட்டல் கூடத்தில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. பெரிய தகரப் பெட்டி, மதாமின் பெட்டி. அவருடைய தம்பி துலோனில் இருந்தார். வந்துவிடு, வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மதாம் பிரான்சைக் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே பனி பெய்யும் என்று கேள்விப்பட்டு ஒரு கம்பளிக் கோட்டு மட்டும் வாங்கி அந்தப் பெட்டியில் வைத்திருந்தார். காரைக்கால் வெயிலில் கம்பளிக் கோட்டைக் காய வைக்கிற ஒரே பெண்பிள்ளை அவர்தான்.

"போவணும்னு ஆசையா மதாம்?" என்று கமால் நானா ஒருநாள் கேட்டார்.

"அங்க போயி நான் யாரு கமால்? இங்க மதாம். அங்க போனா எவனோட அக்காவோ." கொஞ்ச நேரம் கழித்து, "அங்க கனகாம்பரம் கெடைக்குமா?" என்று அவரே கேட்டார். கமால் நானா கப்பலில் துலோன் வரை போனவர். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

புது சர்க்காருக்கு ஆபீஸ் வைக்கக் கட்டடங்கள் தேவைப்பட்டன. சைகோன் மரைக்காயர் குடும்பமும் கொடுக்கச் சம்மதித்துவிட்டது. ஆனால் ஒரு விதி: ஆள் தங்கிப் பிழைப்பு நடக்கிற இடமென்றால் குத்தகைக்காரரைக் கிளப்ப மாட்டார்கள், காலியாகக் கிடந்தால் எடுத்துக்கொள்வார்கள். ஓட்டலையும் கொட்டகையையும் பார்க்க ஓர் அதிகாரி வரப்போகிறார் என்று செய்தி வந்தது. மதாமுக்கு மாடியில் மூலை அறைதான் வீடு. கட்டடம் போனால் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். அன்றைக்குக் கொண்டையில் பூ இல்லை, அதிலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது.

யோசனை பக்கிரிசாமி அண்ணனுடையது. "ஆள்தானே வேணும்? நாங்க இருக்கோம்ல. அறுவது அடி மேடையில ராஜாவா நிக்கிறவன், ஒரு அறையில மிராசுதாரா படுத்துக் கெடக்க முடியாதா?"

முடியும் என்று எல்லோரும் நம்பினோம். அதிகாரி வருகிற அன்று காலையில் கோஷ்டி முழுவதும் ஓட்டல் மாடியில் குடியேறியது. பக்கிரிசாமி அண்ணன் மாயவரம் மிராசுதார். ஸ்திரீபார்ட் அவருடைய சம்சாரம். பபூன் கும்பகோணம் பட்டு வியாபாரி. மற்றவர்கள் உறவினர், வேலைக்காரர் என்று ஆளுக்கொரு அறை. அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் நான். அண்ணனிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன், பேச வேண்டாம், கேட்டால் தலையை மட்டும் ஆட்டுங்கள் என்று. "ஆகட்டும்" என்றார். அந்த ஆகட்டும் கடற்கரைவரை கேட்டது.

அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், தஞ்சாவூர்ப் பக்கம், கையில் குடை. ரொம்ப மரியாதைக்காரர். கால்மிதியில் செருப்புக் காலைத் துடைத்துத் துடைத்து, துடைத்த காலை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். மாடி ஏறிப் பார்த்தார். ஜன்னலோரம் மிராசுதாரின் சம்சாரம் முதுகைக் காட்டிக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்தாள், அதனால் அவர் உள்ளேயே போகவில்லை. பட்டு வியாபாரி துண்டை விரித்து அளந்துகொண்டிருந்தான். அண்ணன் சாய்வு நாற்காலியில். "எந்த ஊருங்க?" என்று கேட்டதற்கு அண்ணன், சொன்னது போலவே, தலையை மட்டும் ஆட்டினார். எந்த ஊர் என்ற கேள்விக்குத் தலையாட்டினால் என்ன அர்த்தம்? அதிகாரி காது கேட்காதவர் என்று நினைத்து இரக்கப்பட்டுப் போய்விட்டார்.

எல்லாம் நல்லபடியாகப் போனது. கூடத்தில் உட்கார வைத்து மதாம் சாப்பிடச் சொன்னார். கமால் நானா முன்தினத்திலிருந்து நண்டோடு போராடியிருந்தார். அதிகாரி கையைக் கூப்பினார்.

"எனக்கு வயிறு சரியில்லம்மா. கொஞ்சம் தயிர் சாதம் கெடச்சா போதும்."

அதைச் சொல்ல நான் சமையலறைக்கு ஓடினேன். கமால் நானாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, அவர் சொல்லித் தந்த பாடப்படி தட்டை மட்டும் நீட்டினேன். மதாம் ஊறுகாய் எடுக்க மாடிக்குப் போனார், தன் அறையில் பூட்டி வைத்திருப்பார். கூடத்தில் அதிகாரி மட்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது போலிருக்கிறது. கவுன்டருக்குப் போனார். மணி இருந்தது.

அவசரக்காரராக இருந்தால் டிங்டிங்டிங் என்று தட்டியிருப்பார். நாங்கள் பிழைத்திருப்போம். இவர்தான் மரியாதைக்காரர் ஆயிற்றே. ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் முழுசாக அடங்கும்வரை காத்திருந்தார். மாடியில் நாற்காலிகள் நகர்ந்தன. யாரும் வராததால் இன்னொன்று தட்டினார், மறுபடி பொறுமையாகக் காத்திருந்தார். மாடியில் கதவுகள் திறந்தன. மூன்றாவது தட்டினார்.

மெழுகு தேய்த்த மரப்படியில் கோஷ்டி முழுவதும் இறங்கி வந்தது. மிராசுதார் நடுவில், சம்சாரம் இடது பக்கம், பட்டு வியாபாரி கடைசியில், கைகளைக் கூப்பி, அதிகாரியைப் பார்த்து வரிசையாக நின்றது. எவரும் யோசிக்கவில்லை. மணி அடித்தால் கால் தானாக வரும், அந்தக் காலுக்கு அன்று நாடகமில்லை என்று யார் சொல்வது? முற்றத்துக்கு அப்பால் கொட்டகையில் ஆர்மோனியத்துக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தவர்கூட மணியைக் கேட்டுச் சுருதியைப் பிடித்துவிட்டார். அண்ணன் பிள்ளையாரைக் கூப்பிட்டார்.

சமையலறையில் இருந்த நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். ஓடிவந்து தடுத்தேனா? தயிர் சாதத் தட்டோடு வந்து வரிசையின் கோடியில் நின்று பாடினேன்.

இரண்டாவது அடியிலேயே எல்லோருக்கும் உறைத்துவிட்டது. கண்கள் எல்லாம் திருதிருவென்று விழிக்கின்றன. ஆனால் நிறுத்த முடியாதே. மாடிப்படி உச்சியில் மதாம் ஊறுகாய் ஜாடியோடு அப்படியே நின்றார். அதிகாரியின் நிலைமை எங்களைவிட மோசம். கடவுள் பாட்டு நடக்கிறது. சிரிக்க முடியாது, கேட்க முடியாது, உட்காரவும் முடியாது. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளையார் முடிந்து சரஸ்வதி வந்தாள். சபைக்கு வணக்கமும் ஆயிற்று. சபையில் அவர் ஒருவர்தான்.

அதோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். பாட்டின் கடைசிப் பகுதி பாக்கி இருந்தது. பக்கிரிசாமி அண்ணன் ஓர் அடி முன்னால் வந்தார்.

"இன்று தங்கள் முன்னிலையில் மாயவரம் மிராசுதாரராக அடியேன் பக்கிரிசாமி. மிராசுதாரர் மனைவியாக நமது ஸ்திரீபார்ட். கும்பகோணம் பட்டு வியாபாரியாக நமது பபூன். ஓட்டல் குமாஸ்தாவாக நமது தம்பி. குற்றங்குறை பொறுத்தருள்க."

அதிகாரி கண்ணைத் திறந்து முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"ஏம்ப்பா, நீயாவது நெசம்தானா?"

"நெசம்தாங்க" என்றேன். "தயிர் சாதமும் நெசம்தாங்க."

மதாம் இறங்கி வந்தார். நாங்கள் பிரெஞ்சை எதிர்பார்த்து நின்றோம். அவர் ஊறுகாய் ஜாடியைக் கவுன்டரில் வைத்துவிட்டு நேராக அதிகாரியிடம் போனார்.

"இவங்கதான் உங்க கெஸ்டுங்களாம்மா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க. படுக்குறாங்க, சாப்புடுறாங்க, பாடுறாங்க. ஓட்டல்ல வேற என்னாங்க பண்ணுவாங்க?"

"வாடக குடுக்குறாங்களா?"

"இப்ப குடுத்தாங்களே, கேக்கலீங்களா?"

அதிகாரிக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் கண் கூடத்து மூலையில் இருந்த பெட்டியின் மேல் போனது. அது யாருடையது என்று கேட்டார்.

"என்னோடது. இந்த எடம் போச்சுன்னா நானும் போவணும். கப்பலுக்கு எடுத்து வச்சிருக்கேன்." அவ்வளவுதான் சொன்னார். குரலில் ஒன்றுமில்லை. கைதான் கொண்டையைத் தொட்டுப் பார்த்தது, பூ இல்லாத கொண்டையை.

அதிகாரி உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டார். நாங்கள் வரிசை கலையாமல் நின்றோம், கலைய யாரும் சொல்லவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டார். கதவிடுக்கில் கமால் நானா அந்தத் தட்டைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

கை கழுவிவிட்டு அவர் சொன்னார்: "ஓட்டல் காலின்னுதான் எழுதணும்மா. பொய் எழுத எனக்குக் கை வராது. ஆனா கொட்டாய் காலியில்ல. அத என் கண்ணால பாத்தேன், காதால கேட்டேன். அங்க பொழப்பு நடக்குது. அத அப்டியே எழுதுறேன்."

அதிகாரி குடையை எடுத்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து கவுன்டரில் இருந்த மணியை எடுத்து மதாம் கையில் வைத்தார்.

"இதையும் கொட்டாய்க்கே எடுத்துக்குங்க. எங்க ஆபீசுல எத்தனை தட்டுத் தட்டினாலும் ஒருத்தனும் எந்திரிச்சு வரமாட்டான்."

ஓட்டல் போயிற்று, சோபாக்களோடு. அவை ஓட்டல் சாமான் அல்லவா? சிவப்பு வெல்வெட்டின் மேல் கோப்புக் கட்டுகள் உட்கார்ந்தன, எந்தக் கோப்பும் சாயங்காலம் நாடகத்துக்கு வரவில்லை. கமால் நானா அதிகாரிகளின் விருந்தினர் விடுதியில் சேர்ந்து, வாழ்நாள் மிச்சத்துக்கும் தயிர் சாதம் கலந்தார். கொட்டகையில் முதல் வகுப்பு என்றால் அதற்குப் பின் பெஞ்சுதான்.

மதாம் வேஷ அறைக்குப் பக்கத்து அறையில் குடியேறினார். பெட்டியை அன்றைக்கே திறந்து கம்பளிக் கோட்டை வெளியே எடுத்தார். பக்கிரிசாமி அண்ணன் அடுத்த நாடகத்தில் அதைப் போட்டுக்கொண்டுதான் காட்டுக்குப் போனார். வியர்த்துக் கொட்டியதை ராஜாவின் துயரம் என்று சபை எடுத்துக்கொண்டது. பெட்டியில் கிரீடங்களும் ஜிகினா உடைகளும் ஏறின. துலோனுக்குப் போக வேண்டிய பெட்டி திருவாரூருக்கும் சீர்காழிக்கும் வண்டியில் போய்வந்தது.

அப்புறம் கொட்டகை சினிமா கொட்டகை ஆனது. கோஷ்டி கலைந்தது. ஒரு புயலில் கூரை போனபோது தேவதைகளும் போயின, வெள்ளைக்கார மூக்கு, மேஸ்திரி மச்சான் மூக்கு என்ற பேதமில்லாமல். அந்த இடத்தில் இப்போது கடற்கரைக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள். ஓட்டலையும் இடித்துவிட்டார்கள். சோபாக்களை எங்கே போட்டார்கள் என்று தெரியாது. மதாம் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். எப்போதாவது அந்தப் பக்கம் போனால் கனகாம்பரம் வைப்பேன். இப்போது கனகாம்பரம் கிடைப்பதும் கஷ்டமாகிவிட்டது, மல்லிகை வைத்துவிட்டு வருகிறேன். மணி கடைசியாகப் பக்கிரிசாமி அண்ணனிடம் இருந்தது. அண்ணன் எந்த ஊரில் காலமானார் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

லாட்ஜில் பேத்தி இன்னும் என் கையை விடவில்லை.

"ஏன் தாத்தா எந்திரிச்சு நின்னீங்க? மயக்கமா?"

"மூணாவது மணிக்கும்மா" என்றேன்.

அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கவுன்டர்ப் பையன் மணியை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினான். குழந்தை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், தட்டத் தூக்கிய கை இன்னும் பாதியில் நின்றது. செருமின தொண்டையோடு நானும் நின்றுகொண்டிருந்தேன்.